ஏழாவது நேர்முகத் தேர்வு

1999 ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் லோகப்பிரியா ஆறு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்தாள். பெங்களூரில் மூன்று, சென்னையில் இரண்டு, கோயமுத்தூரில் ஒன்று. ஆறிலும் எழுத்துத் தேர்வில் தேறினாள். ஆறிலும் வேலை கிடைக்கவில்லை.

முதலாவது பெங்களூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இரண்டாயிரம் பேர் பந்தி மேசைகளில் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். மாலையில் உள்ளே கூப்பிட்டவர் அவளுடைய தாளைப் புரட்டக்கூட இல்லை. "உன் குரல் எனக்கே கேட்கவில்லை. அமெரிக்காவில் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும்?" என்றார். சென்னையில் இரண்டாவது. கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். "எங்களுக்குத் தெரியும். பயிற்சி முடிந்த மறுமாதம்" என்றார் நடுவில் இருந்தவர். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த இரண்டையும் அவள் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். சத்தமாகப் பேசக் கற்றாள். கல்யாணக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டாள். அடுத்த நான்கிலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நான்கிலும் கடைசி மேசையில் கவிழ்ந்தாள். அந்த மேசையில் கேட்டது ஒரே கேள்விதான். ஒரிஜினல் எங்கே?

அவளிடம் இருந்தது ஜெராக்ஸ். அன்னூர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த ஜெராக்ஸ். நான்காவது இடத்தில் ஒரு பெண் அதிகாரி அந்தத் தாள்களைக் கையால் தொடவில்லை. பேனா நுனியால் திருப்பித் தள்ளினாள். "போலி மார்க் ஷீட்டோடு தினம் பத்துப் பேர் வருகிறார்கள். நீ பதினோராவது ஆளா?"

போலி இல்லை. ஒரிஜினல் நான்கும் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில், இரும்பு பீரோவுக்குள் இருந்தன. அது கோவிந்தராஜுலுவின் அலுவலகம். சுற்றுவட்டார நூல் மில்களுக்குச் சம்பளக் கணக்குப் போடும் கணினி நிரல்களை எழுதித் தரும் கம்பெனி அவருடையது. நிரல் எழுதப் பதினோரு பேர். வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினலையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் கழித்துத்தான் திரும்பி வரும். அதற்கு முன்னால் யாரும் வேறு கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. அந்தக் காலத்தில் சின்னக் கம்பெனிகள் பலவும் இப்படித்தான் நடந்தன. சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டவர் யாரும் இல்லை.

1997 ஜூன் மாதம் அவளை அங்கே கூட்டிவந்து சேர்த்தவர் அப்பா பொங்கியண்ணன். அன்னூருக்கு வடக்கே ஏழு ஏக்கர் தோட்டம், பருத்தியும் சோளமும். பருத்தி விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த பச்சை ரெக்சின் பையில் மகளின் சான்றிதழ்களை வைத்து அம்மா தெய்வாத்தாள் கொடுத்தனுப்பியிருந்தாள். கோவிந்தராஜுலு எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று விசாரித்தார். பை கைமாறியது.

"அப்பா, ஒரு ரசீது கேளுங்க" என்று லோகப்பிரியா காதோரம் சொன்னாள்.

பொங்கியண்ணன் காதில் விழாத மாதிரி காபியைக் குடித்து முடித்தார். திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "காப்பி குடிச்ச எடத்துல கையெழுத்துக் கேக்கறதா கண்ணு? அந்த மனுசன் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

பதினோரு பேரின் அப்பாக்களும் அந்தக் காபியைக் குடித்தவர்கள். கோபியிலிருந்து வந்தவர், பல்லடத்திலிருந்து வந்தவர், அவினாசியிலிருந்து வந்தவர் எல்லோரும்தான். ஒருவர்கூட ரசீது கேட்கவில்லை. கேட்டால் அது மரியாதையில்லை.

ஏழாவது நேர்முகத் தேர்வுக்கு அக்டோபர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவினாசி சாலை ஓட்டலில் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆள் எடுக்கிறது. நிபந்தனை இரண்டு. 1997 அல்லது அதற்குப் பிறகு முதுகலை முடித்திருக்க வேண்டும். ஒரிஜினல் இல்லாதவருக்கு வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. லோகப்பிரியா 1997இல் எம்.சி.ஏ. முடித்தவள். ஜனவரி பிறந்தால் எந்தக் கம்பெனியும் 1998இலோ அதற்குப் பிறகோ முடித்தவர்களைத்தான் கூப்பிடும். ஆக, அவளுக்கு இதுதான் கடைசி.

திங்கட்கிழமை காலை கோவிந்தராஜுலுவின் அறைக்குள் போனாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க சார். ஞாயித்துக்கிழமை வாங்கிட்டுப் போயி திங்கக்கிழமை காலையில கொண்டாந்து வெச்சர்றனுங்க."

"எதைங்க அம்மணி?"

"என்ற சர்டிபிகேட்டுங்க."

"எந்த சர்டிபிகேட்டுங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பீரோவுல இருக்குதுங்களே சார். அப்பா குடுத்தது."

"குடுத்தாருங்களா? சரி. ரசீதக் காட்டுங்க, எடுத்துத் தந்தர்றேன்."

கோவிந்தராஜுலு குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போட்டுத்தான் அவளை அடித்தார். "நம்முகிட்ட அந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்க. போயி வேலையப் பாருங்க. காலையில இருந்து மில்லுக்காரங்க மூணு பேரு போன் பண்ணிட்டாங்க."

மில்காரர்கள் போன் பண்ணியதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய நிரல்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 99 முடிந்து 00 வந்தால் தொழிலாளியின் வயது, பணிக்காலம், விடுப்பு எல்லாம் தலைகீழாகும். டிசம்பருக்குள் ஒவ்வொரு வரியாகத் தேடித் திருத்தியாக வேண்டும். பதினைந்து மில்களில் ஒன்பதை லோகப்பிரியாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போய்விட்டால் அந்த ஒன்பதுக்கும் கோவிந்தராஜுலு பதில் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போது கணக்குப் பார்க்கும் ராமாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பீரோவின் மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. "உள்ளதான் இருக்குது அம்மணி. பச்சைப் பை. மேல் தட்டு. நான் எடுத்துக் குடுத்தா நாளையில இருந்து நான் ஊட்டுலதான் உக்காரோணும். ரெண்டு புள்ளைங்க எனக்கு. என்னையக் கேக்காதே."

"நான் கேக்கவே இல்லீங்களேக்கா."

"கேட்டுப்போடுவியோன்னு முன்னாடியே சொல்லிப்போட்டேன்."

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனாள். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "திருடு போச்சா, தொலைஞ்சு போச்சா?"

"ரெண்டும் இல்லீங்க. அவரு வெச்சிருக்காரு."

"அவரு இல்லைங்கறாரு. நீ இருக்குதுங்கறே. நடுவுல நான் என்னத்த எழுதறது? தொலைஞ்சதுன்னா சொல்லு. பேப்பர்ல வெளம்பரம் போட்டு, அதக் கிழிச்சு எடுத்துட்டு வா. அப்பறம் பல்கலைக்கழகத்துல நகல் கேளு."

பல்கலைக்கழகத்தில் விசாரித்தாள். விளம்பரம் வந்து மூன்று மாதம் கழித்துத்தான் நகல். மூன்று மாதம் என்றால் ஜனவரி. அவளுக்கு அது உதவாது. ஆனால் எழுத்தர் சொன்ன ஒரு சொல் அவளை விடவில்லை. தொலைந்தது. கையில் இல்லை, அவரிடமும் இல்லை என்று அவரே சொல்கிறார். அப்படியானால் அது தொலைந்துதானே போயிருக்க வேண்டும்? அடுத்த செவ்வாய்க்கிழமை, 19ஆம் தேதி, ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்தவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். என்ன தொலைந்தது, எப்போது, எங்கே. "பஸ் ஸ்டாண்டுன்னு போடட்டுங்களா? எல்லாரும் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுன்னுதான் போடுவாங்க."

"நான் பஸ் ஸ்டாண்டுல தொலைக்கலீங்க" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினாள்.

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். "ஏனுங்க, கம்பெனி பேரு, தெரு, மாடியெல்லாம் போட்டிருக்குதுங்களே. அவரு சண்டைக்கு வரமாட்டாருங்களா?"

"எதுக்கு வர்றாருங்க? திருடினாருன்னா எழுதியிருக்கேன்? குடுத்தோம், இப்பக் கேட்டா இல்லைங்கறாரு. தொலைஞ்சதத் தொலைஞ்சுதுன்னு சொல்லக் கூடாதுங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "என்ற பையனும் கம்ப்யூட்டர்தான் படிக்கறான்" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வியாழக்கிழமை காலை பத்திரிகையின் ஒன்பதாம் பக்கத்தில், நிலம் விற்பனைக்கும் மணமகன் தேவைக்கும் நடுவில், அது வந்தது. அன்னூர் பொங்கியண்ணன் மகள் லோகப்பிரியாவின் பத்தாம் வகுப்பு, மேல்நிலை, இளநிலை, முதுநிலைச் சான்றிதழ்கள், 1997 ஜூன் 16ஆம் தேதி ஆர்.எஸ்.புரத்தில் இன்ன கம்பெனி அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகு அங்கேயே காணாமல் போயின. கண்டெடுத்தவர் தெரிவிக்கவும்.

பத்து மணிக்கு முதல் போன். பல்லடம் மில் மேலாளர். கோவிந்தராஜுலு பேசியது வெளியே எல்லோருக்கும் கேட்டது. "இல்லீங்க, நீங்க குடுத்து வெச்ச ரிஜிஸ்டர் எல்லாம் பத்திரமா இருக்குதுங்க. அதெப்படீங்க தொலையும்? அது வந்து, அந்தப் பொண்ணு…" அவர் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

பத்தரைக்குப் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். அவினாசிக்காரர் டீக்கடையில் பத்திரிகையைப் பார்த்தவர், அப்படியே பஸ் ஏறிவிட்டார். கோபிக்கு தீபக் எஸ்.டி.டி. போட்டுச் சொல்லியிருந்தான். அவன் லோகப்பிரியாவுக்குப் பக்கத்து மேசைக்காரன். அவனுடைய ஒரிஜினலும் அதே பீரோவில்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் வரவேற்பு அறையில் ஏழு வேட்டிகள், மூன்று சேலைகள். பொங்கியண்ணனும் தெய்வாத்தாளும் கடைசியாக வந்தார்கள். பொங்கியண்ணன் ஒரு மூலையில் நின்றார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவிந்தராஜுலு காபி சொல்லியனுப்பினார். பத்து டம்ளர் வந்தது. ஒருவரும் தொடவில்லை.

"எடுத்துக்கோங்க. சூடா இருக்குது."

"வேண்டாமுங்க" என்றார் அவினாசிக்காரர்.

"அட, ஒரு வாய் குடிங்க. பேசிக்கலாம்."

"போன தடவை குடிச்சதே இன்னம் செரிக்கலீங்க. பையன் சர்டிபிகேட்டக் கண்ணுல பார்த்துப்போட்டுப் போயிர்றோம்."

கொங்கு நாட்டில் ஒருவர் கொடுத்த காபியைத் தொடாமல் வைப்பது சட்டையைப் பிடிப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பத்து டம்ளரிலும் ஆடை படிந்தது. அதற்குள் இன்னும் இரண்டு மில்களிலிருந்து போன். கோவிந்தராஜுலு ராமாமணியைக் கூப்பிட்டார். "பீரோவத் தெறங்க. இவங்குளுத எடுத்துக் குடுத்து அனுப்புங்க."

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோபிக்காரர் மகனின் சான்றிதழ்களை விரலை நனைத்து எண்ணிப் பார்த்தார். அவினாசிக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் பொங்கியண்ணன் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ற பொண்ணோடதுங்க."

"உங்க பொண்ணோடது இங்க இல்லீங்க" என்றார் கோவிந்தராஜுலு. இப்போது அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. மேசை மேல் கிடந்த பத்திரிகையைத் தட்டினார். "தொலைஞ்சு போச்சுன்னு ஊருக்கே சொல்லியாச்சுங்களே. தொலைஞ்சத நான் எங்கீங்க போயித் தேடறது?"

காரியம் முடிந்த இரண்டு பேர் அதற்குள் படியிறங்கியிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் தாள்கள் கையில் வந்த பிறகு மற்றவர்களுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை. பஸ் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தன் விளம்பரம் எல்லோரையும் விடுவித்துவிட்டுத் தன்னை மட்டும் பூட்டியிருப்பது லோகப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

தெய்வாத்தாள் மேசைப் பக்கம் பார்க்கவே இல்லை. திறந்திருந்த பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த மேல்தட்டுல இருக்குற பச்சைப் பை எங்குளுதுங்க."

"அது ஆபீஸ் பைலுங்க அம்மா."

"உங்க ஆபீஸ்ல பருத்திக் கொட்டையும் விக்கறீங்களா? அதுல கம்பெனிப் பேரு போட்டிருக்குது, பருத்திக்காய்ப் படம் போட்டிருக்குது. வாரு அத்துப்போயி நான் செவப்பு நூல்ல தெச்சது. அந்தப் பையக் குடுங்க."

படியிறங்கியவர்களில் ஒருவர் மேலே திரும்பி வந்தார்.

"சர்டிபிகேட்டு இல்லைன்னு சொன்னேனுங்களே அம்மா!"

"சர்டிபிகேட்ட ஆருங்க கேட்டா? அது தொலைஞ்சு போச்சு. நீங்களே சொல்லிப்போட்டீங்க. எனக்கு என்ற பை போதும். வெறும் பைதானுங்களே? அதக் குடுக்கறதுக்கு என்னங்க?"

அவினாசிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "குடுத்துப்போடுங்க சார். வெறும் பையி." கோபிக்காரரும் சேர்ந்துகொண்டார். "வேணும்னா உள்ள ஒண்ணுமில்லைன்னு எல்லாருக்கும் தொறந்து காட்டிப்போட்டுக் குடுங்களேன்."

திறந்து காட்ட முடியாது. காட்டாமல் வைத்துக்கொள்ளவும் முடியாது. கோவிந்தராஜுலு எழுந்து போய்ப் பையை எடுத்தார். தெய்வாத்தாள் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் கையில் கொடுக்கவில்லை. மேசை மேல் வீசினார். ஒரு டம்ளர் சாய்ந்து காபி பத்திரிகை மேல் ஓடியது. அவர் பேச்சில் முதல் முறையாக 'ங்க' இல்லை.

"எடுத்துட்டுக் கெளம்பு. உன்ற பொண்ணையும் கூட்டிட்டுப் போ. இங்க ரெண்டு வருசம் வேலை பார்த்தேன்னு எங்காச்சும் சொல்லட்டும், அப்படி ஆளே கெடையாதுன்னு சொல்லுவேன். ஒரு வரி எழுதித் தரமாட்டேன்."

தெய்வாத்தாள் பையைத் திறந்து எண்ணினாள். நான்கு. முந்தானையால் பையைத் துடைத்தாள். "வாரோமுங்க" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பொங்கியண்ணன் பின்னாலேயே இறங்கினார். லோகப்பிரியா தன் மேசையிலிருந்து ஒரு நோட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். அந்த நோட்டில் ஒன்பது மில்களின் திருத்தக் குறிப்புகளும் இருந்தன. கொஞ்சம் யோசித்தாள். அதற்குரிய பக்கங்களைக் கிழித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவினாசி சாலை ஓட்டல் வாசலில் எட்டு மணிக்கே ஆயிரத்துச் சொச்சம் பேர். போன வருடம் கோயமுத்தூரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கே போனாலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். இங்கேயும் ஒருவன் பைக்குள் கையை விட்டுத் துழாவினான். அடுத்த மேசையில் ஒருத்தி ஒரிஜினல்களைப் புரட்டினாள். நான்குக்கும் சேர்த்து ஐந்து விநாடி ஆகியிருக்கும். எழுத்துத் தேர்வு ஒன்றரை மணி நேரம். மூன்று மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

மூன்று பேர். நடுவில் இருந்தவர் டை கட்டியவர். அவர் பேச்சு முழுக்க ஆங்கிலம். "மில்லுக்குச் சம்பளக் கணக்கு. இதையா மென்பொருள் என்கிறாய்?"

"ஆமாம் சார். அது ஒரு நாள் நின்றால் இரண்டாயிரம் பேருக்குச் சம்பளம் வராது."

அவர் அவளுடைய தாளில் ஒரு இடத்தைச் சுட்டினார். "இங்கே தப்பு. 2000 லீப் வருடம் இல்லை. நூறால் வகுபடும் வருடம் லீப் வருடம் ஆகாது. இதுகூடத் தெரியாமல் மில்களின் தேதியைத் திருத்தினாயா?"

"நூறால் வகுபட்டால் ஆகாது சார். நானூறால் வகுபட்டால் ஆகும். 1900 இல்லை. 2000 லீப் வருடம்தான்."

"நான் பதினாறு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்."

"சரி சார். இருந்தாலும் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் வரும்."

இடப்பக்கம் இருந்த பெண் தன் கைப்பைக்குள்ளிருந்து அடுத்த வருட டைரியை எடுத்துப் புரட்டினாள். பிப்ரவரிப் பக்கத்தில் நிறுத்தி நடுவில் இருந்தவருக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. சோதிப்பதற்காகத்தான் கேட்டதாகச் சொன்னார். அது உண்மையா இல்லையா என்று லோகப்பிரியாவுக்குத் தெரியவில்லை.

"இரண்டு வருட அனுபவம் என்று எழுதியிருக்கிறாய். பழைய கம்பெனியின் கடிதம் எங்கே?"

"தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் சார்."

"அப்படியென்றால் போனில் கேட்டுக்கொள்கிறோம்."

மறுநாள் கேட்டார்கள். அந்தப் பெயரில் யாரும் தங்களிடம் வேலை பார்த்ததில்லை என்று ஆர்.எஸ்.புரத்திலிருந்து பதில் போனது. நவம்பர் கடைசியில் அன்னூருக்குத் தபால் வந்தது. அனுபவம் உறுதியாகாததால் அந்த நிலைக்கு எடுக்க இயலாது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணின் பேரில், அந்த வருடம் கல்லூரி முடித்தவர்களோடு பயிற்சியாளராகச் சேரலாம். சம்மதமா என்று ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பொங்கியண்ணன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு வருசம் போச்சுங்கறாங்களா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"நான் ரசீது கேட்டிருந்தா?"

அவள் சம்மதம் என்று எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தாள்.

2000 ஜனவரி 3ஆம் தேதி, திங்கட்கிழமை, பெங்களூரில் சேர்ந்தாள். அவளுடைய அணியில் முப்பத்தெட்டுப் பேர். அவளைத் தவிர எல்லோரும் அவளைவிட இரண்டு வயது சின்னவர்கள். படிவத்தில் முன் அனுபவத்துக்கு விட்டிருந்த இடத்தில் அவள் ஒரு கோடு போட்டாள். பயிற்சி பதினாறு வாரம். தினமும் காலை எட்டரைக்கு வகுப்பு.